படியில் செருப்பு இல்லாத நாள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் கோபம் வரும். இருபத்தாறு வருடமாக ஆற்றங்கரையில் உத்தியோகம் பார்க்கிறேன், அதில் பாதி ராத்திரி டூட்டி. அணைக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் சுடுகாடு. அங்கே எரிகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே பரோட்டா தின்றிருக்கிறேன். என் மச்சினன் புது வீட்டு வாசலில் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டபோது, "ஏன் மாப்ள, இதைச் சாம்பார்ல போட்டிருந்தா நாலு பேரு தின்னிருப்பாங்கல்ல" என்று கேட்டுவிட்டேன், அவன் பொண்டாட்டி ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்ட ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கதையில் நீங்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வீர்கள். தப்பில்லை, கேட்பது நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

எனக்கு அணையில் லஸ்கர் வேலை. அதாவது ஷட்டரைத் திறப்பது, மூடுவது, கரையைப் பார்த்துக்கொள்வது. அணை என்றதும் இரண்டு மலைக்கு நடுவே கட்டியதை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம், பாலத்துக்குக் கீழே ஏழு இரும்புக் கதவு, இரண்டு பக்கமும் கண்மாய்களுக்குப் போகிற கால்வாய், அவ்வளவுதான். மதுரையிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் நாளைக்கே நாலு பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், ஏற்கெனவே வருகிற கூட்டமே போதும்.

கூட்டம் எதற்கு என்றால், அணைக்குக் கீழே ஆற்று மணலுக்குள் ஒரு கல்மண்டபம் இருக்கிறது. பன்னிரண்டு தூண், பாதி புதைந்து கிடக்கிறது. தூணில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறார்கள், அடிக்கல்லில் எழுத்து இருக்கிறது. கரையில் கொஞ்சம் தள்ளி ஒரு பாறை, அதில் சமணர்கள் படுத்த கல்படுக்கை. கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாத்தியார் வருவார், மண்டபத்து எழுத்தை மாவு தடவிப் படிப்பார். ஒரு தடவை என்னையும் கூப்பிட்டு, "இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா சேகர், இங்க மடை திறக்கிறவனுக்கு நிலம் கொடுத்திருக்காங்க, உங்க உத்தியோகத்துக்கு ஆயிரம் வருசத்து ஆர்டர் இது" என்றார். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை, வீட்டில் போய் மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த எழுத்தைக் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை.

வருடத்தில் ஒன்பது மாதம் ஆறு காய்ந்துதான் கிடக்கும். சனங்களுக்கு அது ஆறு இல்லை, தெரு. மாடு மேய்ப்பார்கள், புல் அறுப்பார்கள், அக்கரைக்குக் குறுக்கு வழியாக நடப்பார்கள், மண்டபத்து நிழலில் படுப்பார்கள். மண்டபத்துக்குள் ஏழு கல் நட்டு கன்னிமார் என்று கும்பிடுகிறார்கள், அதனால் எங்கள் பக்கக் கரையிலிருந்து ஆற்றுக்குள் இறங்குகிற யாரும் செருப்போடு இறங்குவதில்லை. மொத்தம் இருபத்திரண்டு படி. மேல்படியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள், திரும்பி வந்து போட்டுக்கொள்வார்கள். என்னோடு வேலை பார்க்கிற ஜபருல்லா பாய்கூட அப்படித்தான். அவர் மதுரை காஜிமார் தெருக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். "ஏன் பாய், கன்னிமாரு உங்களுக்கும் சாமியா" என்று நான் கிண்டல் பண்ணினால், "சாமி உங்க சாமி, சேறு எல்லாருக்கும் சேறுதானய்யா, செருப்பு என்ன வெல" என்பார்.

இந்தச் செருப்புதான் எங்களுக்கு ரிஜிஸ்டர். தண்ணீர் திறக்க மேலே இருந்து போனில் உத்தரவு வரும். சங்கை மூன்று தடவை ஊதுவோம், சைரனைத்தான் இங்கே சங்கு என்பார்கள். ஆற்றுக்குள் இருப்பவர்கள் மேலேறி வந்து அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு போவார்கள். படியில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தாலும் திறக்க மாட்டோம், ஆளைத் தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு வருவோம். படி காலியாகிவிட்டால் ஆறும் காலி. சட்டத்தில் இதெல்லாம் கிடையாது, எங்களுக்கு முந்தி இருந்தவர்கள் பழக்கிவிட்டது. அது போக ஒரு நடை மண்டபம் வரைக்கும் இறங்கிப் பார்த்துவிட்டும் வர வேண்டும், அதுவும் பழக்கம்தான். வருடம் போகப் போக அந்த நடை குறைந்துபோனது. செருப்புதான் பொய் சொல்லாதே என்ற தைரியம்.

சில வருடத்துக்கு முன்னால் சித்திரை மாதம், அழகர் ஆற்றில் இறங்கி மூன்றாம் நாள். திருவிழாவுக்காக விட்ட தண்ணீர் எங்கள் அணை வரைக்கும் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார், அணையில் நான் ஒருத்தன்தான். ஒரு மணிக்கு மேல் போன் வந்தது. கீழ் ஊர்களுக்குக் குடிதண்ணீர் போகவேண்டும், இரண்டாவதையும் மூன்றாவதையும் திறந்துவிடு என்றார்கள். சங்கு ஊதினேன், மூன்று தடவையும் ஊதினேன், அதில் பொய் இல்லை. மேய்க்கிற பெண்கள் இரண்டு பேர் மாட்டை ஓட்டிக்கொண்டு ஏறி வந்தார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அரைமணி நேரம் கழித்துப் படிக்கு வந்து பார்த்தேன். செருப்பு ஒன்றும் இல்லை. சித்திரை வெயில், படிக்கல் அனலாகக் கொதித்தது. இருபத்திரண்டு படி இறங்கி மணலில் நடந்து திரும்பி வருவதை நினைத்தேன். இறங்காமல் போய்விட்டேன். சுவிட்சைப் போட்டேன்.

அழகருக்கு வேண்டிக்கொண்டவன் காலில் செருப்பு இருக்காது என்பது எனக்குத் தெரியாதா? மதுரையில் பிறந்தவன் யாருக்குத் தெரியாது? காப்புக் கட்டினால் அவிழ்க்கிற வரைக்கும் வெறுங்கால்தான். அந்தப் பத்து நாளும் ஊரில் பாதிப் பேர் வெறுங்காலோடு அலைகிறார்கள், என் தம்பியே அலைகிறான், அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் வேலைக்கு வந்தேன். ஆனால் படியைப் பார்க்கும்போது அது புத்தியில் தட்டவில்லை. செருப்பு இல்லையென்றால் ஆள் இல்லை, அவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். மூன்று மைல் கீழே கோரைப்புல்லில் ஒரு ஆண்பிணம் சிக்கிக் கிடக்கிறது, இடுப்பில் சிவப்புத் துணி, கையில் காப்பு, தோளில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற தோல்பை என்றார்கள். நான் போகவில்லை, பாய்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேலூர்ப் பக்கத்து ஆள், பெயர் கருப்பையா, கிரானைட் குவாரியில் வேலை. அழகரைப் பார்த்துவிட்டு, தெற்குக் கரையில் இருக்கிற மாமியார் ஊருக்குப் பிரசாதம் கொடுக்க ஆற்று வழியாக நடந்திருக்கிறார், வெயிலுக்கு மண்டபத்தில் ஒதுங்கியிருக்கிறார். விசாரணைக்கு வந்த அதிகாரி, "மூணு தடவை சைரன் ஊதுனியா?" என்றார். "ஊதுனேன் சார்" என்றேன். எழுதிக்கொண்டார். கூட வந்திருந்த சொந்தக்காரர் ஒருத்தர் மெதுவாகச் சொன்னார், "சங்கு ஊதி என்னய்யா பண்றது, அவனுக்குத்தான் காது கேக்காதே. பதினெட்டு வருசம் குவாரியில டிரில்லு போட்டவன். இடி விழுந்தாலும் திரும்ப மாட்டான்."

என் மேல் தப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். இறங்கிப் பார்க்காததை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாயிடம் சொல்லவில்லை, பொண்டாட்டியிடம் சொல்லவில்லை. ஏதோ சர்டிபிகேட்டுக்காக அந்தப் பொம்பளை ஒருநாள் அணைக்கு வந்தாள், கருப்பையாவின் சம்சாரம். அவள் கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்ததுமே நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதுக்காரன், கிரீஸ் டப்பாவுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். பாய்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். "படியில நின்னு மண்டபத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு சேகரு, அழக்கூட இல்ல, மனசுக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு" என்றார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அழகர் திருவிழாவுக்கும் நான் போனதில்லை, ஏன் என்று வீட்டில் கேட்டால் கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு தடவைகூட இறங்கிப் பார்க்காமல் நான் ஷட்டரைத் தொட்டதில்லை. மழையென்றாலும் இறங்குவேன், காய்ச்சல் என்றாலும் இறங்குவேன். மண்டபத்தைச் சுற்றி வந்து தூண் தூணாகப் பார்ப்பேன். பாய்க்கு எரிச்சலாக வரும், "செருப்பே இல்லையேய்யா, அங்க என்ன கன்னிமாருகூடக் கண்ணாமூச்சியா வெளாடுறீங்க" என்பார். செய்ய வேண்டிய அன்றைக்குச் செய்யாமல், இப்போது தினமும் செய்து என்ன புண்ணியம் என்று எனக்கே தோன்றும், ஆனாலும் இறங்குவேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம்பினால் நம்புங்கள். அடுத்த வருடம் ஐப்பசி. மேலே நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. சாயங்காலம் நாலு மணி இருக்கும், வானம் மூடிக்கிடந்ததே தவிர வெளிச்சம் நன்றாக இருந்தது, இருட்டில் கண்டேன் என்று நீங்கள் சொல்ல முடியாது. உடனே திறங்கள், தாமதித்தால் வடகரைத் தெருவுக்குள் தண்ணீர் போய்விடும் என்று போன் வந்தது. நான் வழக்கம்போல இறங்கினேன், மண்டபத்தைச் சுற்றிவந்தேன், உள்ளே குனிந்து பார்த்தேன், சத்தம் போட்டேன். ஒரு குருவி இல்லை. மேலே வந்து சங்கு ஊதினேன், படியில் செருப்பு இல்லை. சுவிட்சைப் போடப் போனால் அதற்குள் கரண்ட் போயிருந்தது. கரண்ட் போனால் கையால்தான் சுற்ற வேண்டும், மாட்டுவண்டி அச்சு அளவுக்கு ஒரு கைப்பிடி, ஏற்ற இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுற்றவேண்டும், இறக்க ஒருத்தர் போதும். நானும் பாயும் சுற்ற ஆரம்பித்தோம். மூன்றாவது ஷட்டர் நாலு விரல்கடை ஏறியது, அடியில் தண்ணீர் சீறத் தொடங்கியது.

அப்போது பாலத்துக் கோடியிலிருந்து ஒரு ஆள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், சட்டை இல்லை, தலைமுடி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தூசி. ரோடு வேலைக்கு வந்தவர் என்று நினைத்தேன். பாய்க்கு முதுகுப் பக்கம், எனக்கு நேர் எதிரே, ஐந்தாறு அடியில் வந்து நின்றார். நின்று பெரிய சத்தமாகச் சொன்னார்.

"அண்ணே, இன்னொரு ஆளு இருக்குண்ணே!"

"எங்க?" என்றேன்.

"கீழண்ணே. இன்னொரு ஆளு இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பத்தான்யா எறங்கிப் பாத்துட்டு வாரேன், ஒருத்தரும் இல்ல. அவசரம் புரியாம வந்து நின்னுக்கிட்டு. வேலையப் பாத்துட்டுப் போய்யா" என்று கத்தினேன். அந்த ஆள் கோபப்படவில்லை. நான் பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. மறுபடி அதே சத்தத்தில், ஆனால் பஸ்ஸை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி கண்டக்டரிடம் கெஞ்சுகிற மாதிரி, "ஒரு எட்டு எறங்கிப் பாத்துருங்கண்ணே" என்றார்.

கைப்பிடியில் இருந்த என் கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயம் என்று சொல்ல முடியாது, அந்த வார்த்தைதான் காரணம். ஒன்றரை வருடமாக எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. "பாய், எறக்குங்க, எறக்குங்க" என்றேன். "என்னய்யா ஆச்சு ஒங்களுக்கு, தெறந்ததை மூடச் சொல்றீங்க, தெருவுக்குள்ள தண்ணி போயிரும்யா" என்று பாய் கத்தினார். "எறக்குங்க பாய், கையெடுத்துக் கும்புடுறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது, முழங்கால் சிராய்த்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

மணலில் அதற்குள் கணுக்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குத் தென்பக்கம், அக்கரையைப் பார்க்கிற தூணில் சாய்ந்து ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஒயர் கூடை. அக்கரை வழியாக வந்திருக்கிறாள், அங்கே படியும் இல்லை, செருப்பு கழற்றுகிற வழக்கமும் இல்லை. நான் ஏறிப் போன பிறகு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தண்ணீர் சேலையை நனைப்பது தெரிந்தும் காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிம்மா! தண்ணி தெறந்தாச்சு, எந்திரி!"

"நீங்க போங்கண்ணே" என்றாள்.

"சங்கு ஊதுனது கேக்கலையா?"

"கேட்டுச்சு. எந்திரிக்கத் தோணலண்ணே. சாகணும்னு வரல. அவுக இருந்த எடத்துல கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். சங்கு ஊதவும், இருந்துட்டா என்னன்னு தோணுச்சு."

அவுக என்று சொன்னதும் எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. முகத்தை அதுவரைக்கும் நான் பார்த்ததே இல்லை, பார்க்காமல் ஒளிந்தவன்தானே. "ஒனக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு. பத்தாவது படிக்குது" என்றாள், சொன்ன பிறகுதான் அழ ஆரம்பித்தாள். "பத்தாவது படிக்கிற பிள்ளைய விட்டுப்புட்டு இங்க வந்து ஒக்காந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா" என்று கண்டபடி திட்டினேன், திட்டிக்கொண்டே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கூடையையும் நான்தான் தூக்கினேன். என்னவோ சுமை இருக்கும் என்று நினைத்தேன், உள்ளே ஒரு தூக்குவாளியில் சோறு மட்டும்தான் இருந்தது. இரண்டு பேர் சோறு.

மேலே வந்ததும் பாய் அவளுக்குத் துண்டைக் கொடுத்தார், பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் இரண்டு பேரும் மறுபடி கைப்பிடியைச் சுற்றினோம், நல்லவேளை தெருவுக்குள் தண்ணீர் போகவில்லை. கால்மணி நேரத்தில் மண்டபத்துத் தூண் பாதி மூழ்கியது, அப்புறம் கூரைக்கல் மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. அவள் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் எனக்கு அந்த ஆள் ஞாபகம் வந்தது. "பாய், வந்து சொன்னாரே அந்த ஆளு, எந்தப் பக்கம் போனாரு? ஒரு டீயாவது வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றேன்.

"எந்த ஆளு?"

"அட, தலையெல்லாம் தூசியா, வெறுங்காலோட, அம்புட்டுச் சத்தமாப் பேசுனாருல்ல?"

பாய் பிளாஸ்கை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சேகரு, அல்லா மேல ஆணையாச் சொல்றேன், ஒருத்தரும் வரல. நீங்கதான் திடீர்னு யாரையோ வைய ஆரம்பிச்சீங்க. என்னைத்தான் வையிறீங்கன்னு நான் நெனச்சேன்" என்றார். சொல்லிவிட்டு உதடு அசைய ஏதோ ஓதினார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன், ஒங்களுக்குக் காது செவிடா, பின்னாலதான நின்னாரு என்று கேட்டேன். செவிடு என்ற வார்த்தை வாயில் வந்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டேன். தலையில் இருந்தது ரோட்டுத் தூசி இல்லை, கல் அறுக்கிற தூசி. வாயைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பார்த்த மனுஷன். பாலத்து விளிம்புக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பாய் அவளுக்கு ஆட்டோ பிடிக்க ரோட்டுக்குப் போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இப்போது சொல்லாவிட்டால் செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. எழுந்துபோய் அவளுக்கு முன்னால் நின்றேன்.

"தாயி, அன்னைக்கு டூட்டியில இருந்தது நான்தான். கதவத் தெறந்தது நான்தான். எறங்கிப் பாத்திருக்கணும், வெயிலுக்குப் பயந்துக்கிட்டு எறங்கல. ஒம் புருசன நான்தான் கொன்னேன்."

கையைப் பிடித்து உலுக்குவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், செருப்பால் அடித்தாலும் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் நின்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெரியும்ணே" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவுகதான் சொன்னாக."

"கனவுலயா?"

"கனவு இல்லண்ணே. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னாக. மறுநாத்தான எங்களுக்கு எழவுத் தாக்கல் வந்துச்சு. இத யார்ட்ட சொன்னாலும் புத்தி பெசகிருச்சுங்கிறாக, எம் பிள்ளையே நம்ப மாட்டேங்குது. நீங்களும் நம்ப வேணாம்." அவள் மூழ்கிப்போன மண்டபம் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு பேசினாள். "நீங்க மேல்படியில வந்து நின்னீகளாம். அவுகளப் பாத்து நெத்தில கை வச்சீகளாம். அவுகளும் படுத்துக்கிட்டே ஒங்களுக்குக் கையத் தூக்கிக் காட்டுனாகளாம். நீங்க திரும்பிப் போயிட்டீகளாம்."

இங்கே உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. அன்றைக்கு நான் செருப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. மணல் வெளிச்சத்தில் கண் கூசியதால் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு மண்டபத்தையும் பார்த்தேன். நிழல் கறுப்பாக இருந்தது. அதற்குள் என்னவோ அசைந்தது. ஆடு என்று நினைத்துக்கொண்டேன், சங்குச் சத்தத்துக்கு ஆடு தானாக ஏறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த நேரம் அணையில் வேறு யாரும் இல்லை, பாய் பள்ளிவாசலில் இருந்தார், கேமரா கிடையாது. இதை நான் எந்த மனுஷனிடமும் சொன்னதில்லை. அவள் சொன்ன அந்தச் சாயங்காலம் கருப்பையா கோரைப்புல்லில் கிடந்தார், மறுநாள் பாய் போய் அந்த உடலைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஆட்டோ வந்தது. பாய் அவளை மாமியார்... இல்லை, அவளுடைய அம்மா ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாகக் கூடவே ஏறினார். பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். அவள் இப்போது மேலூரில் ஒரு ஓட்டலில் மாவு அரைக்கிறாள், பிள்ளை பாலிடெக்னிக் படிக்கிறது, தீபாவளிக்குப் போன் பண்ணுவாள். பாய் ரிட்டயர் ஆகிவிட்டார். அந்த ஆளை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. பாலத்தில் எத்தனையோ சாயங்காலம் அதே இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன், வரவில்லை.

அவர் வந்தது எனக்குப் பயமில்லை. அவர் வீட்டுக்குப் போனதும் பயமில்லை. ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் நான் அவளிடம் ஒன்று கேட்டேன், அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். என்னைப் பற்றி வேறு என்ன சொன்னார், வைதாரா என்று கேட்டேன். அவள் அழுத முகத்தோடு லேசாகச் சிரித்தாள்.

"வையலண்ணே. சந்தோசமாத்தான் சொன்னாக. குவாரியில அவுகள ஆளுன்னு மதிச்சு யாரும் பாத்ததே இல்ல. 'கவருமெண்டு ஆளு ஒருத்தரு மேல நின்னு எனக்குச் சலாம் வச்சாருடி'ன்னு சொன்னாக."